ரூசெலின் கிருஷ்ணனும் எங்கள் வீட்டுப் பந்துவராளியும்

போன பொங்கல் விடுமுறைக்கு மகள் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு துணிப்பையும் ஒரு கீபோர்டும் கூடவே வந்தன. ராமநாதபுரத்தில் ரயிலை விட்டு இறங்கி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, உச்சிப்புளி பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அப்பா, உங்களுக்குன்னே ஒன்னு கொண்டாந்திருக்கேன். குழலுக்கும் பியானோவுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதினது. மொத்தம் நாலு பகுதி. மூணாவதோட பேரு என்ன தெரியுமா? கிருஷ்ணா" என்றாள்.

நான் இருபத்தைந்து வருஷமாகப் புல்லாங்குழல் வாசிக்கிறேன். மேடை ஏறுகிறவன் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாயங்காலம் தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து வாசிக்கிறவன். சனிக்கிழமைதோறும் ராமநாதபுரம் போய் எட்டு வருஷம் முறையாகப் பாடம் கேட்டேன். மகளுக்குக் குழல் பிடிக்கவில்லை, பியானோ பிடித்தது. கல்லூரிக்குப் போன பிறகு அவளாகத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டாள். அப்பாவும் மகளும் சேர்ந்து வாசிக்க ஒரே ஒரு பாட்டுகூட எங்கள் வீட்டில் இதுவரை இருந்ததில்லை. அதனால்தான் அவளுக்கு அந்த அவசரம்.

அவள் கொண்டுவந்தது அல்பேர் ரூசெல் 1924-இல் எழுதிய படைப்பு. தலைப்பைத் தமிழில் 'குழலூதுவோர்' என்று சொல்லலாம். அவருடைய 27-ஆவது படைப்பு என்று எண் போட்டிருக்கிறது. நான்கு பகுதிகளும் சேர்ந்து பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழல்காரரின் பெயர்: பான், தித்தீர், கிருஷ்ணா, மிஸ்யூ த லா பெஜோதி. ஒவ்வொன்றையும் அன்றைக்குப் பாரிசில் இருந்த ஒரு குழல் கலைஞருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். கதையிலிருந்து நான்கு பேர், நிஜத்திலிருந்து நான்கு பேர்.

முதல் தடவை கேட்கும்போது எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. மேல்நாட்டுப் படைப்புகளில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்தாலே பாம்பாட்டி மகுடி மாதிரி ஒரு நெளிவை எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். இது அப்படி இல்லை. பியானோ தாழ்ந்த குரலில் ஒரு அசைவைத் தொடங்குகிறது, அதன்மேல் குழல் வந்து உட்காருகிறது. இரண்டு மூன்று வரி போனதும் நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். பந்துவராளியின் ஸ்வரங்கள்! "இன்னொரு வாட்டி போடும்மா" என்றேன். அன்றைக்கு ஏழெட்டு தடவை போட்டிருப்பாள்.

*

மூன்றாவது பகுதியைப் பற்றித்தான் நான் எழுத வந்தது. ஆனால் முன்னே இருப்பவர்களைத் தாண்டிக் கிருஷ்ணனிடம் போக மனசு வரவில்லை.

பான் கிரேக்கர்களின் தெய்வம். ஆட்டுக் கால், ஆட்டுக் கொம்பு, மந்தைகளின் காவல். அவன் துரத்திப் போன பெண் நாணலாக மாறிவிட, அந்த நாணலை வெட்டித்தான் குழல் செய்தான் என்று கதை. தித்தீர், ரோமக் கவிஞர் வெர்ஜிலின் பாடலில் வரும் இடையன். கிருஷ்ணன் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, நால்வரில் மூவர் மேய்ச்சல்காரர்கள். நான்காமவர் மட்டும்தான் உடையும் ஒப்பனையுமாக வருகிற பிரபு, ஆன்ரி த ரெஞ்ஞே எழுதிய நாவல் ஒன்றில் குழல் வாசிக்கும் கனவான். அவருக்கான பகுதி அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அவரிடம் ஒட்டவில்லை.

எங்கள் பெரியப்பா கீதாரி. ராமநாதபுரம் சீமையில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறவர்களின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். இந்தப் பக்கத்துக் கிடைகள் தஞ்சாவூர் வரைக்கும் போகும். பெரியப்பா வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வரும்போது இடுப்புத் துண்டில் ஒரு குழல் செருகியிருக்கும். திருவிழாக் கடையில் வாங்கிய ஆறு துளைக் குழல். ராகம் தாளம் எதுவும் அவருக்குத் தெரியாது, நான்கைந்து மெட்டு தெரியும், ராத்திரியில் கிடை காக்கும்போது தூக்கம் வராமல் இருக்க வாசிப்பேன் என்பார். அதற்கு முன்னால் நாங்கள் ஊதியதெல்லாம் பூவரச இலைப் பீப்பிதான். மணலும் பனையுமாகக் கிடக்கிற இந்த ஊரில் மூங்கிலுக்கு எங்கே போவது? ஒரு மூங்கில் குச்சியிலிருந்து பாட்டு வரும் என்பதை நான் முதலில் பார்த்தது பெரியப்பாவின் கையில்தான்.

அதனால் தித்தீர் என்ற ஒரு நிமிஷத் துணுக்கைக் கேட்டபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டார். துள்ளித் துள்ளி ஓடி, சட்டென்று நின்றுவிடும் பகுதி அது. வெர்ஜிலின் பாட்டை அப்புறம் தேடி வாசித்தேன். ரூசெல் அதிலிருந்து எடுத்துக்கொண்டது மரநிழலில் சாய்ந்து குழல் ஊதுகிற இடையனை மட்டுமே. பாட்டில் இன்னொருவனும் இருக்கிறான், மெலிபேயஸ். அவன் நிலத்தைப் பிடுங்கிப் படைவீரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரை விட்டே போகிறான். போகிற வழியில் நிழலில் படுத்திருக்கும் தித்தீரைப் பார்க்கிறான். தித்தீருக்கு நிலம் தப்பிவிட்டது. கடைசியில் அவனால் செய்ய முடிந்தது, இன்று ஒரு ராத்திரி மட்டும் இங்கே தங்கிப் போ, பழமும் பாலாடைக்கட்டியும் இருக்கிறது என்று கூப்பிடுவதுதான்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே மண்டபம் முகாம் இருக்கிறது. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஆட்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம். 1983-க்குப் பிறகு அதே இடத்துக்கு அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் அப்பத்தா வாசலில் வந்து நின்றவர்களுக்குக் கஞ்சியும் கருவாடும் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ரோமக் கவிஞனின் அந்தக் கடைசி வரிகளை வாசித்தபோது, எங்கள் வாசல்தான் தெரிந்தது. ரூசெலின் ஒரு நிமிஷத்தில் மெலிபேயஸுக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பகுதி முடிகிற விதத்தில், ஓடி வந்து பாதியில் நிற்பதில், எனக்கு அவன் கேட்கிறான்.

தித்தீருக்கு நம்மிடம் ஓர் இணை உண்டு. ஆனாய நாயனார். அவரும் இடையர்தான், அவரும் ஒரு மரத்தடியில்தான் நிற்கிறார், பூத்த கொன்றை மரம். குழலில் ஐந்தெழுத்தை வாசித்தே நாயனாரானவர். பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்த இடத்தில் மூங்கிலை எங்கே வெட்ட வேண்டும், துளைகளை எப்படி இட வேண்டும் என்றெல்லாம் ஒரு குழல் செய்கிறவரைப் போல நின்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போவார். பெரியாழ்வார் ஒரு முழுப் பத்தையே கண்ணன் குழலுக்குக் கொடுத்தார். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை என்று மூன்று குழல் வருகிறது. குழலூதுவோர் என்று ஒரு தமிழர் எழுதியிருந்தால் நான்கு பகுதியோடு நிறுத்தியிருக்க முடியாது.

*

ரூசெலைப் பற்றிக் கொஞ்சம். 1869-இல் பிரான்சின் வடக்கே தூர்க்குவான் என்ற நெசவு ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார், எட்டு வயதில் அம்மாவும். வளர்த்தது தாத்தா, பிறகு அம்மாவின் சகோதரி. கடல்மேல் பைத்தியமாக இருந்த பையன் 1887-இல் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தான், அதிகாரியாகி வியட்நாம் வரைக்கும் கப்பலில் போய்வந்தான். 1894-இல், இருபத்தைந்து வயதில், வேலையை விட்டுவிட்டு இசைக்கு வந்துவிட்டார். எங்கள் ஊரில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, கடற்படையின் விமானத் தளம். தோப்புக்கு மேலே ஹெலிகாப்டர் போகாத நாளில்லை. கடற்படை வேலை எப்பேர்ப்பட்ட வேலை என்று உச்சிப்புளிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். அதை விட்டுவிட்டு இசை படிக்கப் போகிறேன் என்று எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். உறவினர் வீட்டில் வளர்ந்த பையன் அதைச் சொல்லியிருக்கிறான்.

1908-இல் கல்யாணம். அடுத்த வருஷம், 1909-இல், மனைவி பிளான்ஷுடன் இந்தியாவுக்கு வந்தார். பம்பாய், எல்லோரா, ஜெய்ப்பூர், சித்தூர்க் கோட்டை, காசி. இலங்கையும் பார்த்தார். எங்கள் ஊர் வழியாகப் போயிருப்பாரோ என்று எனக்கு ஓர் ஆசை, ஆனால் பாம்பன் ரயில் பாலம் அப்போது இல்லை, அது திறந்தது 1914-இல்.

அந்தப் பயணத்திலிருந்து முதலில் வந்தவை மிகப் பெரியவை. எல்லோரா, ஜெய்ப்பூர், காசி மூன்றையும் வைத்துப் பெரிய வாத்தியக் குழுவுக்கும் பாடகர் குழுவுக்குமாக ஒன்று எழுதினார். பிறகு சித்தூர் ராணி கதையை வைத்துப் 'பத்மாவதி' என்று ஆடலும் பாடலும் கலந்த முழு நாடகம், 1923-இல் பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது. அதற்கடுத்த வருஷம்தான் இந்த மூன்று நிமிஷக் கிருஷ்ணா. ரெண்டே பேர், ரெண்டே வாத்தியம். எங்கள் பக்கம் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய தாழியில் நுரை பொங்கப் பொங்கக் கொதிக்கும், வாசனை தெரு முழுக்க இருக்கும். காய்ந்து காய்ந்து கடைசியில் சிரட்டையில் ஊற்றும் அளவுக்கு வந்துவிடும். 1909-இல் கேட்டது 1924-இல்தான் ரூசெலுக்குச் சிரட்டைக் கருப்பட்டியாக இறுகியிருக்கிறது. எனக்கு அவருடைய பெரிய படைப்புகளைவிட இந்தச் சிரட்டைதான் பிடிக்கிறது.

காணிக்கை விஷயத்திலும் ஓர் அழகு இருக்கிறது. கிருஷ்ணாவை அவர் கொடுத்தது லூயி ஃப்ளூரிக்கு. டெபுசி 1913-இல் எழுதிய, பானைப் பற்றிய 'சிரிங்ஸ்' என்ற தனிக்குழல் படைப்பை முதலில் வாசித்தவர் அதே ஃப்ளூரி. பான் என்றால் ஃப்ளூரி என்று பாரிசில் பேர் இருந்திருக்கும். ஆனால் ரூசெல் பானைத் தூக்கி மார்செல் மொய்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஃப்ளூரி கையில் கிருஷ்ணனை வைத்திருக்கிறார். நாலு பகுதியையும் 1925-இல் முதன்முதலில் வாசித்துக் காட்டியவரும் ஃப்ளூரிதான். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார்.

*

இனி ராகத்துக்கு வருகிறேன். ரூசெல் எடுத்துக்கொண்டது இந்துஸ்தானி ஸ்ரீ ராகம் என்று சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும் நம் ஸ்ரீராகத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. நம்முடையது கரகரப்ரியாவின் குழந்தை, மங்களமான ராகம். வடக்கே ஸ்ரீ என்பது பொழுது சாயும் நேரத்து ராகம், அதன் ஸ்வரங்கள் நம் 51-ஆவது மேளத்தோடு போகும். காமவர்த்தினி என்று புத்தகத்தில் இருக்கும், பந்துவராளி என்று வாயில் வரும், தீட்சிதர் வழியில் காசிராமக்ரியா. ஸ்வரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்று ஆகிவிடாது, நடை வேறு. ஆனால் பியானோ முன்னால் நின்று கேட்கும்போது அந்தப் படிக்கட்டு நம் வீட்டுப் படிக்கட்டாகவே தெரிகிறது.

இந்தப் படிக்கட்டில் ஏறி எங்கள் ராமநாதசுவாமியிடம் ஏற்கெனவே ஒருவர் போயிருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் ராமேஸ்வரத்துக்கு வந்து பாடிய 'ராமநாதம் பஜேஹம்' காசிராமக்ரியாதான். நான் முறையாகக் கற்றுக்கொண்ட பெரிய கீர்த்தனைகளில் அதுதான் முதலாவது. எங்கள் ஊரைத் தாண்டித்தான் ராமேஸ்வரம் போக வேண்டும் என்பதாலோ என்னவோ, அந்தக் கீர்த்தனைமேல் எனக்கு ஒரு சொந்தம்.

அதே தீட்சிதர் சிறுவயதில் சென்னையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நொட்டுஸ்வரங்கள் என்று நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ஸ்வரத்தில், கமகமே இல்லாமல் நேர் நேராக நிற்பவை. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ரூசெலை வாசிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு அவை வேறு மாதிரித் தெரிகின்றன. கமகத்தின் அத்தனை நெளிவும் அறிந்த ஒருவர், அவர்கள் இசையை எடுக்கும்போது அதன் நேர்கோட்டை அப்படியே விட்டுவைத்தார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரர் நம் ஏழு ஸ்வரத்தை எடுத்தார், நெளிவை எடுக்கவில்லை. எடுக்காதது அறியாமையால் என்று முதல் நாள் நினைத்தேன். வாசித்துப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

*

இசைத்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மகள் அதைப் பார்த்து ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்ல, நான் கோடு போட்ட நோட்டில் ஸரிகமவாக எழுதினேன். ரெண்டு சாயங்காலம் பிடித்தது. கட்டத்துக்கு ஏழு எண்ணிக்கை. அவள் ஒன்று முதல் ஏழு வரை வாய்க்குள் எண்ணினாள். நான் தொடையில் மிஸ்ர சாபு போட்டேன், தகிட தகதிமி. "என்னப்பா, அதுக்குள்ள தாளம் புடிச்சிட்டீங்க, எனக்கு இந்த ஏழு வர ஒரு மாசமாச்சு" என்றாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மற்றதெல்லாம் கஷ்டம். என் குழல் ஐந்து கட்டை. கீபோர்டில் சுருதியை மாற்றுகிற பொத்தான் இருந்ததால் பிழைத்தோம். மேல்நாட்டுக் குழல் உலோகத்தில், நிறையச் சாவிகளோடு, மூன்று ஸ்தாயி தாராளமாகப் போகும். 1847-இல் தியோபால்ட் பேம் என்ற ஜெர்மானியர் வகுத்த அமைப்பு அது. என் மூங்கில் அந்த உயரத்துக்கு வராது, மேலே போகும் இடங்களை ஒரு ஸ்தாயி இறக்கிக்கொண்டேன். அதைவிடப் பெரிய சங்கடம் ரிஷபத்தில். அவர்களுக்கு ஒவ்வோர் அரை ஸ்வரத்துக்கும் தனிச் சாவி உண்டு. நமக்குச் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் துளையைப் பாதி மூடித்தான் வர வேண்டும். பாதி மூடிய துளையில் விரல் சும்மா இருக்காது. உருளும். அந்த உருளலில்தான் பந்துவராளியே இருக்கிறது. காந்தாரத்தில் நேராக நிற்கலாம், ரிஷபத்தையும் தைவதத்தையும் அசைக்காமல் விட்டால் எங்கள் வாத்தியார் குழலைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார். ராம்நாட் கிருஷ்ணன் பாடிய ஊர்ச்சீமையில் கமகம் இல்லாமல் வாசிப்பதென்றால், உப்பில்லாமல் மீன் குழம்பு வைப்பது மாதிரி.

மகள் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினாள். "அப்பா, அசைக்காதீங்க."

"அசைக்கலம்மா."

"அசைக்கிறீங்க. என் ரிஷபம் ஒரே இடத்துல நிக்குது. நீங்க அதச் சுத்திச் சுத்தி வர்றீங்க. ரெண்டும் மோதுது, கேக்கலயா?"

கேட்டது. ஒரு ஸ்வரத்தைப் பிடித்துவிட்டால் பியானோவுக்கு அதை அசைக்க வழியில்லை. நான் அசைக்கும்போது அவளுடைய கூட்டு ஸ்வரங்களுக்கு நடுவில் என்னுடையது ஒட்டாமல் உரசியது. எனக்குக் கோபமே வந்தது. உன் பெட்டிக்காக நான் ஏன் என் ராகத்தை மொட்டையாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் கீபோர்டை எடுத்துத் திண்ணையில் வைத்தாள்.

அன்றைக்கு வாடைக்காற்று ஓங்கி வீசியது. வடகடல் பக்கமிருந்து வரும் காற்று, தென்னை மட்டைகள் விடாமல் அடித்துக்கொண்டன. பாதி வாசித்திருப்போம், கரண்ட் போய்விட்டது. கீபோர்டு செத்தது. நான் நிறுத்தாமல் என் பாகத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன், அவள் சொன்னபடி, அசைக்காமல், நேராக.

வெறுமையாக இருந்தது. மரத்தில் ஓலையை வெட்டிவிட்டால் எப்படி நிற்குமோ அப்படி. ரெண்டு கட்டம் தாக்குப்பிடித்தேன், மூன்றாவது கட்டத்தில் என் விரல் தானாக உருளத் தொடங்கியது. ரிஷபம் ஆடியது, தைவதம் நிஷாதத்தைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. ரூசெலை விட்டு வெளியே வந்து, பந்துவராளியில் ஒரு ஐந்து நிமிஷம் ஆலாபனை செய்தேன். இருட்டில் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்தது. அவள் அந்தத் தாழ்ந்த அசைவை முதலிலிருந்து தொடங்கினாள். நான் நேராக வாசித்தேன். இப்போது அது வெறுமையாக இல்லை.

தனியாக வாசிக்கிறவனுக்குத் தம்புராவின் ஒரே சுருதிதான் துணை. அதன்மேல் ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு அப்படியே விட்டால் அது உயிரற்றுக் கிடக்கும். அதனால் அதை அசைத்து, அடுத்ததைத் தொட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, அந்த ஒரே ஸ்வரத்துக்குள் ஓர் ஊரையே குடியேற்றுகிறோம். ரூசெல் அந்த அசைவை விட்டுவிடவில்லை, பியானோவிடம் கொடுத்திருக்கிறார். குழல் ரிஷபத்தில் அப்படியே நிற்கும்போது கீழே பியானோவின் கூட்டு ஸ்வரங்கள் மாறிக்கொண்டே போகின்றன, ராகத்துக்கு வெளியே இருக்கிற ஸ்வரங்களைக்கூடத் தொட்டுவிட்டு வருகின்றன. ஸ்வரம் நகரவில்லை, அதன் நிறம் நகர்கிறது. மதிய வெயிலிலும் சாயங்காலத்திலும் மேகம் மறைக்கும்போதும் அரியமான் கடற்கரையில் ஒரே இடத்தில் நின்று பாருங்கள், நீங்கள் அசைய மாட்டீர்கள், தண்ணீர் ஆயிரம் நிறம் காட்டும். கடலிலேயே இளமையைக் கழித்த மனிதர் அதைத்தான் செய்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. நான் அந்தக் கடலுக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதினால் வாத்தியார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கமகம் இல்லாத இடத்தில் ராகம் இல்லை என்பார். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ரூசெல் எழுதியது ராகம் இல்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட ஒன்றை, கடலோர வீட்டில் உட்கார்ந்து, தன் வாத்தியத்தின் மொழியில் நினைத்துப் பார்த்த ஒருவரின் இசை. 1920-களின் தொடக்கத்தில் நார்மண்டிக் கடற்கரையில் வாஸ்தெரிவால் என்ற இடத்தில் அவர் குடியேறினார். 1937-இல் இறந்தபோது, பக்கத்தில் வாரஞ்ஜ்வீலில், கடலைப் பார்த்து நிற்கும் தேவாலயக் கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள். கிருஷ்ணனைப் பான் தெய்வத்துக்கும் பிரெஞ்சுக் கனவானுக்கும் நடுவில், அவர்களுக்குச் சரிசமமாக, இன்னொரு குழல்காரராக உட்கார வைத்தார். வேடிக்கைப் பொருளாக வைக்கவில்லை. ஃப்ளூரி போன்ற ஒருவரின் கையில் கொடுக்கத் தகுந்ததாக எழுதினார். அந்த மரியாதையை நான் முதல் தடவை கேட்டபோதே உணர்ந்தேன். அது எங்கே இருந்து வருகிறது என்று புரிய, குழலை நேராகப் பிடித்து வாசிக்க வேண்டியிருந்தது.

நேராக வாசிப்பதிலும் வேலை இருக்கிறது. அசைக்காமல் நிற்கிற ஸ்வரத்தில் மூச்சின் குறை ஒளிய இடமில்லை. ஏழு எண்ணிக்கை முழுக்க ஒரே தைவதத்தைத் தாங்கிப் பாருங்கள், ஐந்தாவதில் நடுங்கும். இத்தனை வருஷமும் என் கமகம் என் மூச்சுக் குறையை மூடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் பத்து நிமிஷம் நீண்ட ஸ்வரம் மட்டும் பிடிக்கிறேன். அதன் பிறகு 'ராமநாதம்' வாசித்தால் தைவதம் முன்னைவிட ஆழமாக இறங்குகிறது. நிற்கத் தெரிந்த விரல் ஆடும்போது அதன் ஆட்டமே வேறு.

லீவு முடிந்து அவள் கிளம்புகிற அன்று காலை கடைசியாக ஒரு தடவை வாசித்தோம். கடைசிப் பக்கத்தில் ரெண்டு வாத்தியமும் மெல்ல மெல்ல அடங்கி வருகிற இடத்தில் நான் நேராகவே நின்றேன், விரல் உருளவில்லை. அவள் வாசித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகத் தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். கீபோர்டை மட்டும் எடுத்துப் போகவில்லை, அடுத்த லீவுக்குத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வர வேண்டாமே என்றாள்.

சாயங்காலம் தாளைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். கடைசி வரியில், ஒரு ரிஷபத்துக்கு மேலே, பென்சிலில் சின்னதாக ஒரு வளைகோடு போட்டு எழுதியிருந்தாள்: "அப்பா, இங்க மட்டும்."